யாருக்கு யார் கொடுத்த பலி?

பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில் மட்டக்களப்பு நகரத்து வங்கிகளில் நகை ஈட்டுப் பகுதியில்தான் சனம் அதிகம். விதைப்புக்கும் உரத்துக்குமாக வைத்த சங்கிலியும் காப்பும் தோடும் வீடு திரும்புகிற காலம் அது. போன பங்குனியில் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அவர்களுக்குப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல். இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, முதலையும் வட்டியையும் எண்ணிக் கொடுத்து, கிடைத்த சின்னப் பையைப் பிரித்துத் தாலிக்கொடியை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். "மீட்டாச்சு" என்றார். என்னிடம் இல்லை, கொடியிடம் சொல்வதுபோல.

திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு ஓட்டோ. அதன் முதுகில் சிவப்பு எழுத்தில் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஒட்டியிருந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, குறை நினைக்காத. கனநாளா கேக்கணும் எண்டு இருந்த நான். ஒராள் செஞ்ச பாவத்துக்கு இன்னொராள் எப்பிடிச் சாகிற? அதுவும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி? மறுகா, ரத்தம் எப்பிடி ஜெயிக்கிற?"

எங்களுடையது மெதடிஸ்த வீடு. ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்த பதில் வாயில் வந்தது: அவர் எங்களுக்காக மரித்தார், அதனால் எங்களுக்கு மன்னிப்பு. "அது தெரியும். எப்பிடி எண்டுதான் கேட்ட" என்றார் அக்கா. பாலம் முடிந்துவிட்டது, கதையும் அதோடு நின்றது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிக்கல் பலி என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. நம் பத்திரிகைகளில் பலி என்றால் வெறும் சாவு. "வாகன விபத்தில் இருவர் பலி", "யானை தாக்கி விவசாயி பலி". கொடுத்தவர் இல்லை, ஏற்றவர் இல்லை, போன உயிர் மட்டும்தான். கந்தோரில் ஒருவர் செய்த பிழைக்கு இன்னொருவர் மாட்டிக்கொண்டால் "பலிக்கடா ஆக்கிப்போட்டாங்கள்" என்கிறோம். இந்த இரண்டு பழக்கத்தையும் காதில் வைத்துக்கொண்டு "கிறிஸ்து நமக்காகப் பலியானார்" என்ற வசனத்தைக் கேட்டால், ஓர் அப்பாவி அநியாயமாகச் செத்துப்போனார் என்றுதான் விழும். அதில் நற்செய்தி என்று சொல்ல என்ன இருக்கிறது?

விவிலியத்தின் எபிரேய மொழியில் காணிக்கைக்கும் பலிக்கும் பொதுவான சொல் கொர்பான். கிட்ட வருதல் என்ற வேரில் பிறந்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் "குர்பான் கொடுக்கிறது" என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கும் இதுவே வேர். அரபும் எபிரேயமும் ஒரே குடும்பத்து மொழிகள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பூசையைக் குர்பானா என்று அழைப்பதும் இதனால்தான். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் வாயிலேயே "கொர்பான்" வருகிறது. ஆக, தூரமாகிப்போனவர் கிட்ட வருவதற்கான வழிதான் பலி. சாவு அதில் வரலாம், வராமலும் இருக்கலாம். பழைய ஏற்பாட்டில் பலிகளின் விதிகளைச் சொல்லும் புத்தகம் லேவியராகமம், அதன் 5ஆம் அதிகாரத்தில் ஒரு சின்ன விதி உண்டு: ஆட்டுக்கும் வசதியில்லை, இரண்டு புறாக்குஞ்சுக்கும் வசதியில்லை என்றால், பாவநிவாரண பலியாக ஒரு படி மாவைக் கொண்டு வந்தால் போதும். மாவில் ஏது இரத்தம்? கடவுள் இரத்தத்தைக் கண்டால்தான் சாந்தமாவார் என்று நினைக்கிறவர்கள் இந்த வசனத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சரி, அப்படியானால் இரத்தம் எதற்கு? அதே புத்தகம் 17ஆம் அதிகாரத்தில் காரணம் சொல்கிறது: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. பண்டைய இஸ்ரவேலருக்கு இரத்தம் உயிரின் அடையாளம், அதனாலேயே அது சுத்தம் செய்கிற பொருளும் ஆனது. இதை வெளிநாட்டு வாசகருக்கு விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். நமக்குத் துடக்கு என்ற ஒரு சொல் போதும். செத்த வீட்டுத் துடக்கு யாருடைய குற்றமும் இல்லை, ஆனாலும் வீடு முழுக்கப் பரவி நிற்கும். 31ஆம் நாள் கழுவித் தெளித்துக் கழித்தால்தான் வீடு பழையபடி வீடாகும். இஸ்ரவேலர் பாவத்தையும் ஏறத்தாழ இப்படித்தான் பார்த்தார்கள். செய்தவனோடு நிற்காமல், ஊரின் நடுவே கடவுள் தங்கியிருக்கும் கூடாரம்வரை போய்ப் படிகிற அழுக்கு அது.

அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதம் பத்தாம் திகதி, பாவநிவிர்த்தி நாள். லேவியராகமம் 16இல் அந்த நாளின் ஒழுங்கு முழுதும் இருக்கிறது. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். சீட்டுப் போட்டு ஒன்றைத் தெரிந்து பலியிட்டு, அதன் இரத்தத்தைப் பிரதான ஆசாரியர் திரைக்கு உள்ளே கொண்டுபோய் உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேல் தெளிப்பார். அந்த மூடிக்குத் தமிழ் விவிலியம் வைத்த பெயர் கிருபாசனம். மற்றக் கடாவின் தலையில் இரண்டு கையையும் வைத்து, சனத்தின் அக்கிரமங்கள் எல்லாவற்றையும் வாய்விட்டு அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவார்கள். போக்காடு என்பது இதுதான். கவனித்தீர்களா, பாவம் ஏற்றப்பட்ட கடா கொல்லப்படவில்லை, கொல்லப்பட்ட கடாவின் தலையில் பாவம் ஏற்றப்படவில்லை. ஒன்று கழுவுகிறது, மற்றது சுமந்துகொண்டு போகிறது. ஞாயிறு வகுப்புகளில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்லிவிடுகிறோம்.

இந்தச் சடங்குகளை வாசிக்கும்போது ஆறுமுக நாவலர் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்தப் பாதிரியார் பீற்றர் பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் அவர். அப்புறம் 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதி, ஆலயம், விளக்கு, தூபம், சுத்திகரிப்பு என்று உங்கள் வேதத்துக்குள்ளேயே இவ்வளவும் கிடக்க, எங்கள் கிரியைகளை என்ன வாயால் பழிக்கிறீர்கள் என்ற கணக்கில் மடக்கினார். கிறிஸ்தவன் என்ற முறையில் எனக்கு அது வலிக்கிற கேள்விதான். ஆனாலும் லேவியராகமத்தைப் பாதிரிமார்களில் பலரைவிட ஊன்றிப் படித்தவர் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புதிய ஏற்பாடு இந்த இரண்டு கடாக்களையும் ஒரே ஆளில் கொண்டு வந்து வைக்கிறது. "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்று யோவான் ஸ்நானகன் சொல்வது சுமக்கிற கடாவின் வேலை. உரோமைச் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதத்தில், ரோமர் 3:25இல், வரும் "கிருபாதாரபலி" கழுவுகிற பக்கம். அங்கே அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்தப் பெட்டியின் மூடிக்கு வழங்கிய அதே சொல். கத்தோலிக்கர் கையிலிருக்கும் திருவிவிலியம் இதே வசனத்தில் "கழுவாய்" என்ற பழந்தமிழ்ச் சொல்லை எடுத்தாள்கிறது. எனக்குக் கழுவாய்தான் பிடிக்கும். கிருபாதாரபலி சொல்ல நீளம். அதில் பலி மட்டும் காதில் தங்கிவிடும், கிருபை நழுவிவிடும்.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் முடிச்சு. பலி என்றால் மனிதர் கொடுப்பது, தெய்வம் ஏற்பது. அது உலகப் பொது. நம் ஊரில் வைகாசி வந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் குளுத்தி. மதுரையை எரித்த சினம் அடங்காமல் வந்தவளுக்கு அவள் கதையான வழக்குரையைப் பாடி, குளிர்த்தி செய்து, ஊரைக் காக்கச் சொல்லிக் கேட்கிறோம். தம்பிலுவில்லிலும் காரைதீவிலும் அந்த இரவுகளில் நின்றவர்களுக்கு, அது வெறும் பயத்தில் நடக்கிற சடங்கு இல்லை, நீதி கிடைக்காத ஒரு பெண்ணுக்கு ஊரே சேர்ந்து ஆறுதல் சொல்வது என்றும் தெரியும். ஆனால் அதன் திசை தெளிவானது: கோபம் மேலே, குளிர்ச்சி கீழிருந்து மேலே.

நம்மவர்கள் சிலுவையையும் இதே திசையில்தான் புரிந்துகொள்கிறார்கள், கிறிஸ்தவர்களும் சேர்த்துத்தான். பிதா கோபமாக இருந்தார், குமாரன் குறுக்கே விழுந்து குளிர்த்தினார், தப்பினோம். பெரிய வெள்ளிக்கு முந்திய லெந்து நாட்களில் இந்தப் பிரசங்கத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அதற்கு வசனம் இல்லாமல் இல்லை. தேவகோபம் என்ற பேச்சு பவுலிடம் நிறையவே உண்டு. ஆனால் ஒப்புரவாக்குதல் என்று பவுல் எழுதும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில்கூடக் கடவுள் மனிதரோடு ஒப்புரவாக்கப்பட்டார் என்று இல்லை. "தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்பது 2 கொரிந்தியர் 5:19. ஆக்குகிறவர் கடவுள், ஆக்கப்படுகிறவர்கள் நாம். ரோமர் 3:25இலும் கழுவாயை ஏற்படுத்தியவர் கடவுள்தான். திசை மேலிருந்து கீழே திரும்பிவிட்டது. யாரைச் சாந்தப்படுத்த வேண்டும் என்று நாம் நினைத்தோமோ, அவரே கொடுக்கிற ஆளாக நிற்கிறார்.

கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் போகிறவர்களுக்குப் பாரதக் கதை நன்றாகத் தெரியும், அரவானின் களப்பலியும் தெரியும். அர்ச்சுனன் மகன், பாண்டவர் வெல்ல வேண்டும் என்று தன்னைக் கொடுத்தவன். இயேசுவும் இப்படித்தானே என்று ஒருமுறை ஒரு நண்பர் கேட்டார். தானாக முன்வந்தது என்ற அளவில் கிட்டத்தான் வருகிறது. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று தன் உயிரைப் பற்றி இயேசு சொல்வதாக யோவான் எழுதுகிறார். ஆனால் அரவான் செத்தது தன் பக்கத்தார் வெல்ல. "நாம் தேவனுக்குச் சத்துருக்களாயிருக்கையில்" என்கிறார் பவுல். இங்கே பலி எதிரிக்காக.

இனி அக்காவின் கேள்வி. ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் எப்படி? இது சைவரின் வினைக்கொள்கை மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. ஒருவருடைய பாவச்சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் 164ஆம் வசனம் சொல்கிறது; இயேசு சிலுவையில் அறையப்பட்டதையே அது மறுக்கிறது. விவிலியத்துக்கு உள்ளேயும் இந்தக் கேள்வி உண்டு. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் அடித்துச் சொல்கிறது. தகப்பன் செய்ததை மகன் சுமப்பதில்லை, மகன் செய்ததைத் தகப்பன் சுமப்பதில்லை. ஆகவே இதை அறியாதவர் கேள்வி என்று ஒதுக்க எந்தப் போதகராலும் முடியாது.

பிரசங்கங்களில் வழக்கமாக வரும் பதில் ஒரு நீதவான் கதை. குற்றவாளிக்குத் தண்டம் விதித்த நீதவான், அங்கியைக் கழற்றிவிட்டு இறங்கி வந்து அந்தத் தண்டத்தைத் தானே கட்டுகிறார். காசுத் தண்டத்துக்கு அந்தக் கதை சரி, யார் கட்டினாலும் பெட்டியில் விழும். கொலைக்குத் தூக்கு என்றால்? கொலைகாரனை விட்டுவிட்டு நீதவானைத் தூக்கில் போடுகிற நாட்டில் யார் குடியிருப்பார்கள்?

நீதிமன்ற மொழி மட்டுமே கையில் இருந்தால் இந்த இடத்தில் வண்டி நின்றுவிடும். விவிலியத்தில் பாவத்துக்கு வேறு பெயர்களும் உண்டு: குறி தவறுதல், அழுக்கு, அடிமைத்தனம். எல்லாவற்றிலும் வீட்டுக்குக் கிட்டமான பெயர் கடன். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியது. அதனால்தான் மத்தேயுவில் கர்த்தருடைய ஜெபம் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருகிறது.

சுனாமிக்குப் பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு சில்லறைக்கடை. முதலாளியிடம் கடன் கொப்பி ஒன்று, ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம்: அரிசி, சீனி, பால்மா, திகதி, தொகை. கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் பலதில் கடன் கொடுக்க ஆள் இல்லை, இருந்தவர்களிடம் வீடு இல்லை. தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், நான் சவர்க்காரம் வாங்க நின்றபோது, அவர் கொப்பியை விரித்து ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அடிமட்டம் வைத்து, நீல மையில். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மொத்தக் கடைக்காரன் என்ர கொப்பியில கோடு இழுக்கமாட்டான் தம்பி" என்று சிரித்தார்.

அந்தக் கோடு கடனை இல்லாமல் ஆக்கவில்லை, இடம் மாற்றியது. அரிசி வாங்கியவன் கட்ட வேண்டியதை அரிசி விற்றவர் தன் தலையில் எடுத்துக்கொண்டார். மன்னிப்பு எங்கே நடந்தாலும் இப்படித்தான். அதற்கு விலை இல்லாமல் போவதில்லை, மன்னிக்கிறவர் அதை விழுங்கிக்கொள்கிறார். இங்கே மூன்றாம் ஆள் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தெருவில் போன அப்பாவி ஒருவரைப் பிடித்து முதலாளி அவரிடம் கறந்திருந்தால், அது அக்கா கேட்ட அநியாயம். கடன் கொடுத்தவரே நட்டத்தை ஏற்றால் அதற்கு வேறு பெயர்.

கிறிஸ்தவ விசுவாசம் சிலுவையைப் பற்றிச் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது ஏதோ தத்துவச் சண்டைக்காக என்று நினைக்கிறோம். சிலுவையோடு வைத்துப் பார்த்தால் அதன் அவசரம் விளங்கும். கிறிஸ்து கடவுள் இல்லை, நல்ல மனிதர் மட்டும் என்றால், அல்லது கடவுளால் படைக்கப்பட்ட மேலான ஒருவர் என்றால், கல்வாரியில் நடந்தது நரபலி. கடவுள் தன் கணக்கை இன்னொருவன் முதுகில் தீர்த்துக்கொண்டார் என்றாகும். அவர் கடவுளே என்றால்தான் கொப்பியில் கோடு இழுக்கிற கையும் நட்டத்தைச் சுமக்கிற தோளும் ஒருவருடையவை. பிதாவைக் கோபக்காரராகவும் குமாரனை இரக்கக்காரராகவும் பிரித்துப் பேசுகிற பிரசங்கம், தெரியாமலே நிசேயாவுக்கு முந்திப் போய்விடுகிறது.

மற்றப் பக்கமும் ஒன்று உண்டு. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் (7:22) இயேசுவைப் பிணையாளி என்கிறது. பிணை என்றால் என்னவென்று மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நுண்கடன் குழுக்களில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் சேர்த்துப் போட வேண்டும். சேகரிக்க வருகிறவர் முற்றத்தில் குந்திவிடுவார். பிணை நிற்க முதலில் அந்தக் குழுவில் ஒருவராக இருக்க வேண்டும். வெளியாள் பிணை நிற்க முடியாது. கடவுள் மனிதராகப் பிறந்தார் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதன் ஒரு காரணம் இதுதான்: கடன் கொடுத்தவரே வந்து கடன்காரர் குழுவில் பெயர் பதிந்தார்.

இதையெல்லாம் ஒரே சூத்திரமாக வடித்துத் தரச் சபை முயன்றதில்லையா என்றால், தனித்தனி ஆட்கள் முயன்றார்கள். ஆனால் நிசேயாவில் போல ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் எதுவும் ஒரு விளக்கத்தை எடுத்து இதுதான் என்று முத்திரை குத்தவில்லை. "எங்களுக்காகவும் எங்கள் மீட்புக்காகவும்" என்று விசுவாசப் பிரமாணம் சொல்லிவிட்டு எப்படி என்பதை விட்டுவிடுகிறது. முதல் நூற்றாண்டுகளில் மீட்பு என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, மீட்புப் பணம் யாருக்குப் போனது என்று கேட்டார்கள். பிசாசுக்கு என்றார்கள் சிலர். 4ஆம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரியார் ஒரு படி மேலே போய் அதைத் தூண்டில் கதையாக்கினார்: மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வத்தன்மை முள், பிசாசு கவ்வி மாட்டிக்கொண்டான். வாவியில் தூண்டில் போடுகிற பெடியனுக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துப்போகும். ஆனால் கடவுள் ஏமாற்றித்தான் வெல்ல வேண்டுமா? அதே காலத்து இன்னொரு கிரகோரியார், நாசியான்சு ஊரவர், பிசாசுக்கு விலை கொடுத்தார் என்பது வெட்கக்கேடு என்றார். பிதாவுக்குக் கொடுத்தார் என்றால், நம்மை அடைத்து வைத்திருந்தவர் பிதா இல்லையே என்றும் கேட்டார். மீட்பு என்ற உவமையை எதுவரை இழுக்கலாம், எங்கே விட வேண்டும் என்று காட்டியவர் அவர்.

1098இல் கன்ரர்பரியின் பேராயர் ஆன்செல்ம் இன்னொரு கணக்குப் போட்டார். கடவுளுக்குச் சேர வேண்டிய மகிமையை மனிதன் எடுத்துவிட்டான். ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், ஈடு செய்யக்கூடியவர் கடவுள் மட்டுமே. ஆகவே இரண்டுமான ஒருவர் வர வேண்டியிருந்தது. ஆன்செல்முக்கு அது தண்டனை இல்லை, தண்டனைக்குப் பதிலான ஈடு. சட்டம் படித்தவரான கால்வின்தான் 16ஆம் நூற்றாண்டில் நமக்கு வர வேண்டிய தண்டனையையே அவர் சுமந்தார் என்று அழுத்திச் சொன்னார், இன்றைய பிரசங்கங்கள் பெரும்பாலும் அவர் வழி. ஆன்செல்முக்கு அடுத்த தலைமுறையின் பீற்றர் அபெலார்ட், சிலுவை நம் நெஞ்சை உருக்கி அன்பை எழுப்புகிறது என்றார். அது உண்மை, ஆனால் அது மட்டும் என்றால் கொப்பியில் எழுதியது அப்படியே கிடக்கும். மெதடிஸ்தர்களுக்கு இதில் ஒரு தனிப் பிடிவாதம் உண்டு: கிறிஸ்து தெரிந்துகொள்ளப்பட்ட சிலருக்காக அல்ல, எல்லோருக்காகவும் மரித்தார் என்று எங்கள் சபையைத் தொடக்கிய யோன் வெஸ்லி விடாமல் நின்றார். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து அடுத்த ஆண்டே இறந்துபோன மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் கொண்டுவந்ததும் அந்தச் செய்திதான்.

கத்தோலிக்கர் பூசையைத் திருப்பலி என்கிறார்கள், நாங்கள் திருவிருந்து என்கிறோம். எபிரெயர் நிருபம் "ஒரேதரம்" பலியிடப்பட்டார் என்கிறதே, பிறகு ஞாயிறுதோறும் என்ன பலி என்பது பழைய சண்டை. 1562இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் தந்த பதில்: பலி புதிது இல்லை, அதே பலிதான், ஒப்புக்கொடுக்கும் முறை மட்டும் வேறு. புளியந்தீவில் இரண்டு சபையாரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் பெரிய வெள்ளிக்குக் கூடுகிறார்கள். அங்கே சிலுவைப்பாதையின் 14 நிலைகள், இங்கே மூன்று மணி நேர ஆராதனையில் ஏழு வார்த்தைகள். ஆறாம் வார்த்தை "முடிந்தது". அது கடைக்காரர் பற்றுச்சீட்டில் "கட்டி முடிந்தது" என்று எழுதும் கிரேக்கச் சொல் என்று ஆண்டுதோறும் யாராவது பிரசங்கிப்பார்கள். அதற்கான ஆதாரம் பலவீனமானது. அதன் நேர்ப்பொருள் நிறைவேறிற்று என்பது, அதுவே போதுமானது.

இரத்தம் எப்படி ஜெயிக்கும் என்ற கேள்விக்கு இன்னும் வரவில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நம் ஊரில் அதைச் சும்மா கேட்கவும் முடியாது, சும்மா பதில் சொல்லவும் முடியாது. தற்கொலைக் குண்டு வெடித்த மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் அன்று ஈஸ்டர் காலை. ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் குண்டில் போனார்கள். மறுநாள் பத்திரிகை எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் அந்தச் சொல்: பலி. அந்தப் பிள்ளைகளை யாரும் கொடுக்கவில்லை. எந்தக் கடவுளும் கேட்கவில்லை. அவர்களுடைய சாவுக்குப் "பலி" என்று இறையியல் அர்த்தம் கற்பித்து ஆறுதல் சொல்ல வந்த சிலரின் பேச்சை என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. அது கொலை, அவ்வளவுதான். வாசலில் பையோடு வந்தவனை மறித்து உள்ளே விடாமல் நின்ற ஒருவரைப் பற்றி அப்போது உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அவரும் போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் பலர் இன்று உயிரோடிருக்கிறார்கள். "ஒராளுக்காக இன்னொராள்" என்பது நடக்கிற காரியம்தான் என்று நம் ஊருக்குத் தெரியும்.

இயேசுவின் சாவும் முதலில் ஒரு கொலைதான். உரோம ஆளுநன் பிலாத்துவின் கையெழுத்தில் நடந்த அரச கொலை. கிறிஸ்தவர்கள் அதை ஜெயம் என்பது இரத்தம் சிந்தியதற்காக இல்லை. வன்முறை தன்னால் முடிந்ததை எல்லாம் செய்து முடித்த பிறகும், அதை வாங்கிக்கொண்டவர் திருப்பி அடிக்கவில்லை, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்றார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்று நம்புவதால். இரத்தம் என்றால் உயிர் என்று லேவியராகமம் சொன்னதை மறந்துவிட்டு அந்த ஸ்டிக்கரை வாசித்தால் அது பயமுறுத்தும். நினைவில் வைத்து வாசித்தால், கொல்ல முடியாத உயிர் என்று வரும்.

இவ்வளவையும் பெரிய வெள்ளியன்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு வருசமும் ஆராதனை முடிந்து கஞ்சி வாளியோடு நான் வரும்வரை படலையில் நிற்பவர். கொப்பிக் கதையைத் தலையாட்டிக் கேட்டார். பேதுரு முதலாம் நிருபத்தில் "வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல்" என்று வருகிறது என்றதும் கழுத்துக் கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"அது சரி தம்பி. நான் இதைப் பங்குனியில மீட்டுட்டு ஐப்பசியில திருப்பி வைக்கிற. உங்கட ஆக்கள் ஞாயித்துக்கிழமை மீட்டதைத் திங்கக்கிழமை கொண்டுபோய் வைக்கிறல்லியா? அதுக்கும் அந்த ஒருதரம் காணுமா?"

காணும் என்கிறது எபிரெயர் நிருபம். அதை எழுதியவர் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப இடப்பட்ட பலிகளை வைத்துத்தான் வாதாடுகிறார், கிட்டத்தட்ட அக்காவின் கணக்கேதான். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் என்பார்கள், வெஸ்லி பரிசுத்தமாகுதல் என்பார். நான் இதில் எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா வாளியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். "இந்தமுறை தேங்காய்ப்பால் காணாது" என்றார்.